படமாக வரும் பில்லை எழுத்தாக மாற்றுவது எப்படி?



முன்பெல்லாம் விலைப்பட்டியல் தபாலில் வந்தது. பின்னர் ஃபேக்ஸில் வந்தது. இன்று வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. கம்பெனி விலைப்பட்டியல், லாரி ரசீது, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் படம்தான். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து உளுந்து, மணிலா விலையும் அப்படியே வருகிறது. நமது விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சரக்கு எடுத்து வெளியூர் அனுப்புவோருக்கு ஆர்டரும் படமாகவே வருகிறது.

படத்தைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்வதில் நேரம் போகிறது; எண்ணும் பிசகுகிறது. படத்தில் உள்ள எழுத்தைத் தானே படித்துக் கொடுக்கும் வசதி இன்று கம்ப்யூட்டரிலேயே உள்ளது. தனியாகப் பணம் கட்டி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

செய்முறை

விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டரில் ஸ்னிப்பிங் டூல் என்ற கருவி இருக்கும். எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி 2023-இல் இதில் சேர்க்கப்பட்டது.

1. படத்தைத் திரையில் பெரிதாகத் திறந்து வையுங்கள். மங்கலாக இருந்தால் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

2. விண்டோஸ், ஷிப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். திரை மங்கும். வேண்டிய பகுதியை மவுஸால் கட்டம் கட்டுங்கள்.

3. மூலையில் தோன்றும் சிறு அறிவிப்பைத் தட்டினால் அந்தப் பகுதி தனியாகத் திறக்கும். மேலே உள்ள டெக்ஸ்ட் ஆக்ஷன்ஸ் பொத்தானைத் தட்டுங்கள்.

4. காப்பி ஆல் டெக்ஸ்ட் என்பதைத் தட்டி, நோட்பேடிலோ எக்செல்லிலோ கண்ட்ரோல், வி அழுத்தினால் எழுத்து வந்து விழும்.

ஆப்பிள் மேக் வைத்திருப்போருக்கு லைவ் டெக்ஸ்ட் என்ற பெயரில் இதே வசதி 2021 முதல் உள்ளது. விண்டோஸ் 10 வைத்திருப்போர், ஆபீஸுடன் வரும் ஒன்நோட்டில் படத்தை ஒட்டி, அதன் மேல் வலது பொத்தானை அழுத்தினால், படத்திலிருந்து எழுத்தை நகலெடுக்கும் வழி கிடைக்கும்.

தமிழில் உள்ள பட்டியலுக்கு

மேற்சொன்ன கருவி ஆங்கில எழுத்தையும் எண்ணையும் நன்றாகப் படிக்கும். தமிழுக்குக் கைகொடுக்காது. தமிழ்ப் பட்டியலாக இருந்தால் கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, வலது பொத்தானை அழுத்தி, கூகுள் டாக்ஸ் மூலம் திறக்க வேண்டும். படமும் அதன் கீழே எழுத்தும் வரும். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் எழுத்தாக மாற்றப்பட்டதும் கூகுளின் இந்த வசதியால்தான். ஆனாலும் அங்கே பக்கம் பக்கமாக ஆட்கள் உட்கார்ந்து பிழை திருத்துகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. கையெழுத்துச் சீட்டாக இருந்தால் பிழை இன்னும் கூடும்.

ஒரு எச்சரிக்கை. டிரைவில் ஏற்றும் படம் நம் கடையை விட்டு வெளியே போகிறது. வாடிக்கையாளர் பாக்கிக் கணக்கு, ஆதார், காசோலைப் படம் ஆகியவற்றை அங்கே ஏற்ற வேண்டாம்.

சரிபார்ப்பதே முக்கியம்

கருவி படித்ததை அப்படியே கணக்கில் ஏற்றுவது ஆபத்து. ஓ என்ற ஆங்கில எழுத்தும் 0 என்ற எண்ணும் அதற்கு ஒன்றுதான். அதேபோல் ஐ என்ற எழுத்தும் 1-ம், எஸ் என்ற எழுத்தும் 5-ம், பி என்ற எழுத்தும் 8-ம் மாறிப் போகும். எந்த இடத்தில் எழுத்து வரும், எந்த இடத்தில் எண் வரும் என்று தெரிந்தால் பிழையை நாமே பிடித்துவிடலாம்.

ஜி.எஸ்.டி. பதிவு எண்: மொத்தம் 15 இடம். முதல் 2 மாநில எண். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அடுத்த 10 இடம் பான் எண். அதில் முதல் 5 எழுத்து, பிறகு 4 எண், கடைசியில் 1 எழுத்து. 14-ஆவது இடத்தில் பொதுவாக இசட் இருக்கும். அதை 2 என்று கருவி படித்திருந்தால் திருத்துங்கள். 15-ஆவது சோதனைக் குறி. சந்தேகம் இருந்தால் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எண்ணைப் போட்டு, கடையின் பெயர் வருகிறதா என்று பார்க்கலாம். இதற்குக் கடவுச்சொல் தேவையில்லை.

2022 ஜனவரி 1 முதல், விற்றவர் காட்டிய பில் வாங்கியவரின் 2பி படிவத்தில் வந்தால்தான் அவர் உள்ளீட்டு வரியை எடுக்க முடியும். நாம் எண்ணைத் தவறாக ஏற்றினால் நமது வாடிக்கையாளருக்கு வரி வரவு நின்றுபோகும். அடுத்த மாதம் அவர் வேறு கடை பார்ப்பார்.

ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு: மொத்தம் 11 இடம். முதல் 4 எழுத்து. ஐந்தாவது எப்போதும் 0, ஓ அல்ல.

வங்கிக் கணக்கு எண்: மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். நெஃப்டில் அனுப்பும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே வரவு வைக்கப்படுகிறது. பெயரைப் பார்த்து அல்ல. ஒரு எண் பிசகினால் முன்பின் தெரியாதவர் கணக்கில் பணம் போய்ச் சேரலாம். பணம் அனுப்பும் முன் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள். புதிய கணக்கு எண்ணைப் போனில் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லியும் சரிபாருங்கள்.

விலை: ரூபாய்க் குறியைக் கருவி சில சமயம் 2 அல்லது 7 எனப் படித்துவிடும். 450 ரூபாய் 2450 ஆகிவிடும். புள்ளி விடுபட்டால் 48.50 என்பது 4850 ஆகும். பில்லாக இருந்தால் எல்லா வரியையும் எக்செல்லில் கூட்டி, படத்தில் உள்ள மொத்தத்துடன் ஒத்துப் பாருங்கள். கூட்டுத்தொகை ஒத்து வராவிட்டால் எங்கோ பிசகு உள்ளது.

எடுத்து எழுதும் வேலையைக் கருவியிடம் விடலாம். ஒத்துப் பார்க்கும் வேலையை விடக் கூடாது. கணக்குப்பிள்ளை எழுதிய பேரேட்டை முதலாளி ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நமது வணிகத்தில் பழைய வழக்கம். அந்த வழக்கம் இதற்கும் பொருந்தும். உறுப்பினர்கள் முதலில் பழைய பில் ஒன்றை வைத்துப் பழகிப் பார்த்து, பிறகு கடைக் கணக்கில் பயன்படுத்தி நலம் பெற வேண்டுகிறேன்.