கடல் சுட்டது, பவளம் வெளுத்தது!

கடலுக்குக் காய்ச்சல் வருமா?

வரும். 2016-ம் ஆண்டு கோடையில் மன்னார் வளைகுடாவுக்கு வந்தது. அந்தக் காய்ச்சலைத் தண்ணீரில் மூழ்கி மூழ்கிக் கணக்கு எடுத்தார்கள் சில விஞ்ஞானிகள். தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே, கரையை ஒட்டி 21 தீவுகள் இருந்தன. இப்போது 19-தான் வெளியே தெரிகின்றன. மற்ற இரண்டின் கதையைப் பிறகு பார்ப்போம்.

இந்தத் தீவுகளைச் சுற்றிக் கடலுக்கு அடியில் பவளப்பாறைகள் இருக்கின்றன. மீனவர்கள் இவற்றைப் "பார்" என்பார்கள். மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்வது அங்கேதான். சீறி வரும் அலை மோதி, வேகம் குறைவதும் அங்கேதான்.

கல் அல்ல, பிராணி!

பெயர்தான் பாறை. உண்மையில் அது கோடிக்கணக்கான சின்னஞ்சிறு பிராணிகள் சேர்ந்து கட்டிய வீடு. கடல் நீரில் உள்ள சுண்ணாம்பை எடுத்து அவை கட்டுகின்றன.

ஒவ்வொரு பிராணியின் உடம்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. அதில் பெரும் பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகிறது. வாடகை என்றே வைத்துக்கொள்ளலாம்! பவளத்துக்கு நிறம் கொடுப்பதும் பெரும்பாலும் இந்தப் பாசியே.

தண்ணீர் அளவுக்கு மீறிச் சுட்டால் இந்த உறவு முறிந்துவிடுகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய், வெள்ளை வெளேர் என்ற கூடு தெரிகிறது. இதைத்தான் "வெளுப்பு" என்கிறார்கள்.

வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. அது பட்டினி கிடக்கிறது. சில வாரங்களில் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைக்கும். குளிராவிட்டால் செத்துவிடும்.

அந்த ஆண்டு கேள்வி இதுதான்: எத்தனை பிழைக்கும்?

நாடாவும் பலகையும்

விஞ்ஞானிகள் படகில் போய், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பாரின் மேல் அளவு நாடாவை விரித்தார்கள். நாடாவுக்குக் கீழே உயிருள்ள பவளம் எவ்வளவு, வெளுத்தது எவ்வளவு, செத்தது எவ்வளவு என்று பலகையில் குறித்தார்கள். பார்ப்பதற்கு நிலம் அளப்பது போல்தான். ஆனால் தீவு தீவாக, திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்.

அங்கே தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் பவளத்துக்கு ஆபத்து. அந்தக் கோடையில் தாண்டியது, வாரக்கணக்கில் இறங்கவில்லை. பூமி ஏற்கெனவே சூடாகி வருகிறது. அதோடு பசிபிக் கடலில் எழுந்த "எல் நினோ" என்ற வெப்ப மாறுதலும் சேர்ந்துகொண்டது. உலகின் பல கடல்களில் அப்போது இதே காட்சி.

கணக்கு என்ன சொன்னது?

கோடைக்கு முன், பாரின் பரப்பில் நூற்றுக்கு 39 பங்கு உயிருள்ள பவளமாக இருந்தது. காய்ச்சல் ஓய்ந்தபோது 23 பங்குதான் மிஞ்சியது. பத்துப் பவளத்தில் நான்கு போய்விட்டது!

முந்தைய கணக்கைப் பார்த்தால் இந்த நஷ்டம் இன்னும் உறைக்கும். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டிப் படகு படகாக ஏற்றினார்கள். பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கியது அதனால்தான். காவல் போனால் வீடு போகாதா?

2004 சுனாமிக்குப் பிறகு வெட்டுவது ஓய்ந்தது. 2005-ல் 37 பங்காக இருந்த பவளம், 2009-ல் 43 ஆக ஏறியது. மனிதன் கையை எடுத்தான். கடல் தானே தேறியது. 2010-ல் ஒரு வெளுப்பு வந்து 33 ஆக இறக்கியது. மெல்ல மெல்ல 39-க்கு வந்தபோதுதான் 2016 வந்தது.

தாங்கியது எது?

கொம்பு கொம்பாக, வேகமாக வளரும் பவளங்கள் அதிகம் மடிந்தன. குண்டுக் கல் போல மெதுவாக வளரும் பவளங்கள் பெரும்பாலும் தாங்கின. இது சின்னச் செய்தி அல்ல. அந்த நிலையத்தார் 2002 முதலே, பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகையில் கட்டிக் கடலில் நட்டு வருகிறார்கள். எந்த நாற்று வெயிலைத் தாங்கும் என்று தெரியாமல் நடுவது எப்படி? விடையை அந்தக் கோடையே காட்டிக் கொடுத்தது.

ஒரு கஷ்டம்: மெதுவாக வளரும் பவளம் ஆண்டுக்கு விரல் அகலம்கூட வளராது. நட்டவர் கையாலேயே அறுவடை பார்க்கும் பயிர் அல்ல இது.

2024-ல் உலகக் கடல்களுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. மன்னார் வளைகுடாவும் தப்பவில்லை. அளவு நாடா மீண்டும் தண்ணீருக்குள் இறங்கியது.