விட்டுவிட்டுக் கேட்கும் பழைய றேடியோ

1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரவும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்னில் செய்தி கேட்ட காலம் அது. இடையில் சத்தம் நின்றால் எவரும் உடனே றேடியோவைக் கழற்றியதில்லை. சுற்றுகிறவன் களைத்துவிட்டானா என்று முதலில் பார்ப்போம். பிறகு டைனமோவின் தலை ரயரில் படுகிறதா, பிறகு வயர். றேடியோ கடைசியில்தான்.

அந்த ஒழுங்கை இப்போது மறந்துவிட்டோம். 1970களில் வாங்கிய ஸ்ரீரியோ றிசீவர்கள் இன்னும் சில வீடுகளில் உள்ளன. இடப்பெயர்வில் சுமந்து சென்றவையும் உண்டு. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் பூட்டிய வீட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்தவையும் உண்டு. சத்தம் வந்து வந்து மறைகிறது என்றதும் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். முழுதாகச் செத்த உறுப்பு பொதுவாக மீண்டும் உயிர்ப்பதில்லை. வந்து போகிற சத்தம் பெரும்பாலும் ஏதோ ஓரிடத்தில் தொடுப்புச் சரியில்லை என்பதற்கே அடையாளம். எங்கள் தீவுகளில் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சோளகக் காற்று உப்பைக் கொண்டுவருகிறது. உப்பு ஈரத்தை இழுக்கிறது. செம்பில் களிம்பும் இரும்பில் கறளும் பிடிக்கின்றன. அந்த மெல்லிய படையைத் தாண்டி மின் ஒருநேரம் போகும், ஒருநேரம் போகாது.

முதற் கேள்வி: ஒரு பக்கம் மட்டும் போகிறதா, இரண்டுமா? ஒரு பக்கம் என்றால், மின்பிளக்கைக் கழற்றிவிட்டு, றிசீவரின் பின்னாலுள்ள ஸ்பீக்கர் வயர்களை இடம் வலமாக மாற்றிப் பூட்டுங்கள். முன்பு மௌனமாயிருந்த அதே ஸ்பீக்கர் இப்போதும் மௌனமாயிருந்தால் குற்றம் அந்த ஸ்பீக்கரில் அல்லது அதன் வயரில். மௌனம் மற்ற ஸ்பீக்கருக்கு மாறினால் குற்றம் பெட்டிக்குள். வயர் நுனியில் ஒரு மயிரிழை விலகிப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது. அது பெட்டியையே கெடுக்கும்.

அடுத்து, றேடியோவையும் கசெற்றையும் மாறிமாறிக் கேளுங்கள். ஒன்றில் மட்டும் குற்றமென்றால் அதற்குரிய வயரையும் சுவிச்சையும் பாருங்கள். சோதனைக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பேசி அனுப்பிய கசெற்றைப் போடாதீர்கள். ஒரே பிரதி அது. ‘ரேப் மொனிற்றர்’ பொத்தான் தவறுதலாக அமுங்கியிருந்தாலும் றேடியோ கேட்காது.

இரண்டிலும் கரகரப்பு என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, வொலியூம் குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முப்பது தடவை திருப்புங்கள். மற்றச் சுவிச்சுகளையும் அப்படியே அசையுங்கள். சத்தம் தெளிந்து மறுபடி கெட்டால் இடம் பிடிபட்டது. மின்தொடுப்புகளுக்கென்றே விற்கும் துப்புரவுத் திரவத்தைத் தொழில் தெரிந்தவர் உள்ளே விசிற வேண்டும். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், தையல் மெசின் எண்ணெய் எதுவும் வேண்டாம். அவை தூசியைச் சேர்த்துப் பிடிக்கும்.

பெட்டியைப் போட்டுச் சில விநாடிகளில் ‘ரிக்’ என்ற ஓசை வருகிறதல்லவா? அது ஸ்பீக்கரைக் காக்கும் றிலே. சிறு சத்தத்தில் ஒரு பக்கம் மறைந்து, வொலியூமைக் கூட்டினால் திரும்பி வந்தால் அந்த றிலேயின் தொடுப்பு அழுக்காயிருக்கலாம். அரைமணி சூடான பிறகே நின்றால் ஈயப்பற்று வெடித்திருக்கக்கூடும். ‘ரிக்’ ஓசையே வராவிட்டால் தொடர்ந்து முயல வேண்டாம். மூடியைத் திறக்கும் வேலையும் உங்களுடையதல்ல. 230 வோல்ற்றில் ஓடிய பெட்டி, பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே மின்னைத் தேக்கி வைத்திருக்கும். பியூசுக்குப் பதிலாகக் கம்பித்துண்டு போடும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. வீடு எரியும்.

நெடுந்தீவில் ஒரு வீட்டார் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட பெட்டியைப் படகில் குறிகட்டுவானுக்கு ஏற்றி, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் கொண்டுபோக ஆயத்தமாயிருந்தார்கள். பின்பக்கத்தைப் பார்த்தேன். சில றிசீவர்களில் முன்பகுதியையும் பெருக்கும் பகுதியையும் இணைக்க, ‘ப’ வடிவில் இரண்டு சிறு உலோக வளைவுகள் செருகியிருக்கும். இரண்டிலும் களிம்பு. பிளக்கைக் கழற்றி, அவற்றை இழுத்தெடுத்து, பிள்ளையின் அழிறப்பரால் தேய்த்து மீண்டும் செருகினோம். அன்றிரவு இரண்டு பக்கமும் பாடியது. இப்போது மாதமொருமுறை அந்த வளைவுகளைக் கழற்றித் துடைப்பது அந்த வீட்டு மூத்த மகளின் வேலை.