மனநல மருத்துவத்துக்கு நம் கூட்டமைப்பு நிதி: எதற்கு, எப்படி?



போன பொதுக்குழுவில் ஓர் அக்கா எழுந்து, "ஆஸ்பத்திரியில மாத்திரை சும்மாதானே குடுக்கிறாங்க, அப்புறம் எதுக்கு மனநலத்துக்குன்னு தனியா நிதி ஒதுக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு நேரம் போதவில்லை, அதனால் இங்கே பதில் சொல்கிறோம்.

மாத்திரை இலவசம் என்பது உண்மைதான். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1997-ல் திருச்சியில் தொடங்கியது. இப்போது எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல டாக்டர் பார்க்கிறார். குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் அந்தக் குழு வருகிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடத்தில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே கிடையாது.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. நம் உறுப்பினர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். பெயர் வேண்டாம்.

அவர் மூன்று மாதம் கூட்டத்துக்கு வரவில்லை, சேமிப்பும் கட்டவில்லை. குழுவில் அபராதம் போட்டோம். "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று ஊரில் பேச்சு. கணவர் மந்திரிக்கிறதுக்கும் கயிறு கட்டுறதுக்கும் கடன் வாங்கிச் செலவழித்தார். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நாங்கள் குறை சொல்லவில்லை, அது மனசுக்குத் தெம்பு. ஆனால் 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டி வைத்திருந்த 28 பேர் தப்ப முடியாமல் செத்ததை மறக்க முடியுமா? சங்கிலியில் கட்டுவது இன்று சட்டப்படி குற்றம்.

கடைசியில் ஊக்குநர்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் மனச்சோர்வு என்றார். மாத்திரைக்குக் காசில்லை. ஆனால் டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லாவிட்டாலும் அங்கே போகிற மொபசல் பஸ்ஸில் உண்டு. கூடப் போனவருக்கும் உண்டு. இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போச்சு. மத்தியானச் சாப்பாடு தனி. இரண்டு முறை போனார், மூன்றாவது முறை போகவில்லை.

அப்போது கூட்டமைப்பிலிருந்து 5,000 ரூபாய் கடன் கொடுத்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. தவணை நாள் வந்தால் அவருக்குத் தூக்கம் போயிற்று. வீட்டில் ஒளிந்துகொண்டார். நோயிருக்கிற வீட்டில் நாமே இன்னொரு பாரத்தை ஏற்றிவிட்டோம்.

அதன்பிறகுதான் தீர்மானம் போட்டோம். கூட்டமைப்புகளுக்கு வரும் நலிவு நிலை குறைப்பு நிதி பசி, நோய், திடீர்க் கஷ்டம் இவற்றுக்கானது. அதில் ஒரு பகுதியோடு, நம் கூட்டமைப்பின் சொந்த வருமானத்திலிருந்தும் கொஞ்சம் சேர்த்து மனநலத்துக்கு ஒதுக்குகிறோம். ரொம்பக் கஷ்டப்படும் வீட்டுக்கு இது மானியம், திருப்பிக் கட்ட வேண்டாம். மற்றவர்களுக்கு வட்டியில்லாக் கடன், வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் தவணை.

பணத்தை மொத்தமாகக் கொடுப்பதில்லை, மாதாமாதம் கொடுக்கிறோம். காரணம் இருக்கிறது. மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் தெரியவே இரண்டு மூன்று வாரம், சில பேருக்கு இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். அதற்குள் "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடுவார்கள். கேட்ட பிறகு "சரியாப் போச்சு" என்று தாங்களாகவே நிறுத்துவார்கள், மறுபடி வந்துவிடும். டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை போய் வரணும். அதற்குத்தான் பஸ் செலவு, கூடப் போகிறவரின் கூலி, சாப்பாடு மூன்றுக்கும் பணம். மந்திரிப்புக்கோ தனியார் ஆஸ்பத்திரி பில்லுக்கோ இதில் கிடையாது. இதில் சில பேருக்கு எங்கள்மேல் கோபம். இருக்கட்டும், இருக்கிற நிதி நாலு வீட்டுக்குப் பத்தணுமே.

இன்னொரு சங்கடம் பெயர். தீர்மானப் பதிவேட்டில் எழுதாமல் பணம் எடுக்க முடியாது. எழுதினால் கூட்டத்தில் வாசிக்கணும். வாசித்தால் பெண்ணுக்கு வரன் தேடும் வீடு என்ன ஆகும்? அதனால் பதிவேட்டில் எண் மட்டும் எழுதுகிறோம். பெயரும் வவுச்சரும் செயலாளரிடம் பூட்டிய பெட்டியில் இருக்கும். தணிக்கையாளருக்கு மட்டும் காட்டுவோம்.

யாராவது "செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்று சொன்னால் நிதி, தீர்மானம் எதற்கும் காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து டப்பாவை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். 14416-க்குப் போன் போடுங்கள், காசில்லை, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மருந்தைக் குடித்திருந்தால் உடனே 108.

மேலே சொன்ன உறுப்பினர் இப்போது கூட்டத்துக்கு வருகிறார். போன மாதம் அவராகவே இன்னொரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அவருக்குப் போட்ட அபராதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

விண்ணப்பத் தாள் ஊக்குநர்களிடம் இருக்கிறது. ஓ.பி. சீட்டையும் பஸ் டிக்கெட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். டிக்கெட் தொலைந்துபோனால் கூடப் போனவர் கையெழுத்துப் போட்டால் போதும்.