தமிழ்ச் சரங்களில் எழுத்து: எண்ணலும் தேடலும் ஒப்பிடலும்

தமிழ்த் தரவகங்களைக் கணினிவழி ஆராய்வோர் பெறும் முடிவுகள், நிரல்மொழி எதனை 'எழுத்து' எனக் கொள்கிறது என்பதைப் பொறுத்தே அமைகின்றன. 'தமிழ்' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. அதன் நீளம் பைதான் மொழியில் 5; ஸ்விஃப்ட் மொழியில் 3; யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டுகள். இவற்றுள் எதுவும் பிழையன்று. எண்ணப்படும் அலகே வேறு.

ஒருங்குறி, 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் அளிக்கவில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உயிர்க்குறி 11, புள்ளி 1 என 43 குறிகளால் அவை அனைத்தும் எழுதப்படுகின்றன. இலக்கணத்தில் மெய்யே அடிப்படை; 'க்' என்பதனோடு அகரம் சேர 'க' பிறக்கும். குறிமுறையிலோ 'க' அடிப்படையாகி, புள்ளி பெற்று 'க்' ஆகிறது. அதாவது, குறிமுறை ஒலியமைப்பைப் பின்பற்றாமல் வரிவடிவத்தைப் பின்பற்றுகிறது.

இதனால் மிகுதியும் பாதிக்கப்படுவது தேடலே. 'கடல்' எனத் தேடும் நிரலுக்குக் 'கடலில்', 'கடலும்' ஆகியன அகப்படா. அவற்றில் முதல் லகரத்தை அடுத்துப் புள்ளி இல்லை. புள்ளியை நீக்கித் தேடினால் அவை கிடைக்கும். உண்ணும் கடலையும் உடன்வரும். உயிர்மெய்களை முன்னரே மெய்யும் உயிருமாகப் பிரித்துக்கொண்டால், 'கடல்' நீங்கலாக எஞ்சுவன 'இல்', 'உம்', 'ஐ' என முழு வடிவில் நிற்கும். அவற்றைக் கொண்டு வகைப்படுத்தலாம். 'கடலை' வேற்றுமையுருபு ஏற்றதா, பயறா என்பதைச் சூழலே காட்டும்.

ஒப்பிடலில் சிக்கல் வேறு வகையானது. 'கொ' என்பதன் உயிர்க்குறி ஒரே குறியாகவோ, ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவோ பதிவாகியிருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது; நிரலோ இரண்டையும் வெவ்வேறு சரங்களாகக் கருதும். ஒருங்குறியின் இயல்பாக்க முறை இதனைச் சீர்செய்யும்.

ஆனால் 'ஔவையார்' என்பதை ஒகரமும் ளகரமுமாக 'ஒளவையார்' எனத் தட்டச்சிட்டிருந்தால், எந்த இயல்பாக்கமும் உதவாது. 'ஒள' வருமிடமெல்லாம் 'ஔ' என மாற்றினால் 'ஒளி' சிதையும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களில் மட்டும் மாற்றலாம் எனின், 'ஒளி' தப்பும். இவ்விதியை உயிர்மெய்க்கும் விரித்தால், 'வெளவால்' திருந்தி 'வௌவால்' ஆகும். பேச்சுவழக்குப் புனைகதைகளில் வரும் 'வெளக்கு' கெடும். ஆகவே இத்திருத்தத்தைச் சொற்பட்டியலோடு ஒப்பிட்டே செய்யவேண்டும். மூலப் பதிவையும் மாற்றாமல் தனியே வைத்திருத்தல் வேண்டும்.