‘சூப்பர்’னு மட்டும் சொல்லாதீங்க!

ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத காலை. சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலச் சத்தம் காதைப் பிளக்கிறது. ஐஸ் பெட்டிகளுக்கும் மீன் கூடைகளுக்கும் நடுவே, மீன் வாங்க வராத சிலரும் நிற்கிறார்கள். சிலர் கழுத்தில் கேமரா. பலர் கையில் வெறும் செல்போன். ஐ.டி ஊழியர், கல்லூரி மாணவி, பணி ஓய்வு பெற்றவர் எனக் கலவையான கூட்டம். ‘போட்டோ வாக்’ கிளம்பி வந்த பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்கள்!

படம் எடுப்பது ஒரு மணி நேரம்தான். அதன் பிறகு டீக்கடையில் நடப்பதுதான் முக்கியமான வகுப்பு. ஒருவர் போனை இன்னொருவர் வாங்கிப் பார்ப்பார்.

“தம்பி, படகு நல்லா இருக்கு. ஆனா கடல் ஒரு பக்கமா சாய்ஞ்சு ஊத்துது பாரு!”

சிரித்துக்கொண்டே சொன்னாலும் விஷயம் மனதில் பதிந்துவிடும். அடுத்த முறை அந்தத் தம்பி செல்போனில் கட்டக் கோடுகளை ஆன் செய்து, அடிவானத்தை நேராக வைத்துத்தான் எடுப்பார். கிழக்கே சூரியன் உதிக்கும் கடற்கரையில், வெளிச்சத்தை நோக்கி எடுத்தால் முகங்கள் இருண்டுவிடும். “திரையில முகத்தைத் தொட்டுட்டு எடுத்துப் பாருங்க, இல்லேன்னா நீங்க சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்க” என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். “முதல்ல லென்ஸைத் துடைங்க” என்பதுதான் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை. செலவே இல்லாதது!

இந்தப் பழக்கம் ஒன்றும் புதிதல்ல. 1850-ல் சென்னையில் ஓவியக் கல்லூரியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் புகைப்பட ஆர்வலர்களுக்கான சங்கம் ஒன்றும் இங்கே உருவாகக் காரணமாக இருந்தார். போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் என்ற பெயர் இன்றும் நகரத்தில் உயிரோடு இருக்கிறது.

பிரிட்டனில் இன்னும் சுவாரஸ்யம். அங்கே தபால் வழிப் புகைப்படக் குழுக்கள் உண்டு. ஒரு பெட்டியில் ஆளுக்கொரு படம் வைப்பார்கள். பெட்டி வீடு வீடாகப் போகும். ஒவ்வொருவரும் மற்றவர் படத்துக்குத் தங்கள் கருத்தை எழுதி வைத்துவிட்டு, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். சுற்றி முடித்துத் திரும்பி வரும்போது, தன் படத்தைப் பற்றி எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு புதுப் படம் வைக்கலாம். வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கருத்து அது. நாமோ இரண்டு நொடியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பிரச்னையே அங்கேதான். ‘சூப்பர்’, ‘செம’, ‘வேற லெவல்’ மட்டுமே கேட்பவர் பத்து வருடம் ஆனாலும் அதே சாய்ந்த கடலைத்தான் எடுத்துக்கொண்டிருப்பார். மறுபக்கம், “இதெல்லாம் ஒரு படமா?” என்று எல்லோர் முன்பும் கேட்கிற ஒரு வாய் போதும்; புதிதாக வந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார். குறிப்பாக, வீட்டு வேலைகளை முடித்துவிட்டு இந்த இரண்டு மணி நேரத்தைத் தனக்கென்று ஒதுக்கி வந்த பெண்கள். அனுபவசாலிகள் அதனால் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில், “இதுல என்ன காட்ட நினைச்சீங்க?” என்று கேட்பார்கள். பதிலைக் கேட்ட பிறகுதான் படத்தைப் பற்றிப் பேச்சு. “அந்த அம்மாவோட கையைக் காட்ட நினைச்சேன்” என்றால், “அப்போ பின்னாடி நிக்கிற பைக் எதுக்கு? ரெண்டு அடி கிட்டப் போயிருக்கலாமே!” அவ்வளவுதான். குறை சொன்ன மாதிரியே இருக்காது.

வாட்ஸ்அப்பில் பகிர்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். மங்கலான படத்துக்கு வாங்கும் திட்டு மிச்சம்!

இன்னொரு கேள்வியும் டீக்கடையில் வரும். “அவங்ககிட்ட கேட்டுத்தான் எடுத்தீங்களா?” நல்ல குழுக்களில் இதற்குப் பதில் இல்லாத படத்தை ஒதுக்கிவைத்துவிடுவார்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். பிழைப்புக்கு நடுவில் நிற்பவர் ஒன்றும் காட்சிப்பொருள் இல்லையே.

சிலர் ஒருபடி மேலே போய், படத்தைப் பிரின்ட் போட்டு அடுத்த ஞாயிறு எடுத்துப் போகிறார்கள். மீன்காரம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்ப்பார். பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்ப்பார். பிறகு வரும் விமர்சனம்:

“இன்னா தம்பி... சொல்லியிருந்தா கொஞ்சம் சிரிச்சிருப்பேன்ல?”