அடுத்தவர் கிடங்கும் அனுமதிச் சீட்டும்

சென்ற மாதம் நம் சங்க அலுவலகத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். "கம்பெனிகளில் கொள்முதல் பார்க்கும் அதிகாரிகளின் பட்டியல் இருக்கிறது ஐயா. பெயர், பதவி, ஊர், இ-மெயில் எல்லாம் உண்டு. லிங்க்ட்இன்னிலிருந்து எடுத்தது. மொத்த வியாபாரிகளுக்கு மிகவும் பயன்படும்" என்றார். விலையும் மலிவாகத்தான் சொன்னார். உறுப்பினர்களில் சிலர் உடனே வாங்கிவிடலாம் என்றனர். சிலர் தயங்கினர். முடிவெடுக்கும் முன் விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தோம். அதில் தெரிந்துகொண்டதை உறுப்பினர்கள் அனைவருக்கும் சொல்ல வேண்டியது நமது கடமை.

எங்கிருந்து வந்த சரக்கு?

லிங்க்ட்இன் 2003-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. வேலை பார்ப்பவர்களும் தொழில் செய்பவர்களும் தங்கள் படிப்பு, பதவி, அனுபவம் ஆகியவற்றைத் தாங்களே எழுதி வைக்கும் இடம் அது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதனை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-இல் உறுப்பினர் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியது. இத்தனை பேரின் விவரம் ஒரே இடத்தில் இருந்தால் அதை எடுத்து விற்க ஆசைப்படுவோர் வராமல் இருப்பார்களா?

சீட்டு காட்டிச் சரக்கெடுக்கும் முறை

அந்தக் கிடங்கிலிருந்து முறைப்படி சரக்கெடுக்க ஒரு வாசல் உண்டு. கம்ப்யூட்டர்காரர்கள் அதனை ஏ.பி.ஐ. என்கிறார்கள். ஒரு கம்பெனியின் சாஃப்ட்வேர் இன்னொரு கம்பெனியின் சாஃப்ட்வேரிடம் விவரம் கேட்டு வாங்கும் கவுண்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சாஃப்ட்வேர் செய்பவர் தம் நிறுவனத்தின் பெயரில் லிங்க்ட்இன்னிடம் பதிவு செய்ய வேண்டும். அவருக்கு ஓர் அடையாள எண்ணும் ஒரு ரகசியச் சொல்லும் தருவார்கள். பிறகு, யாருடைய விவரம் வேண்டுமோ அந்த உறுப்பினரை லிங்க்ட்இன்னின் பக்கத்துக்கே அனுப்ப வேண்டும். அங்கே, இன்னார் இன்னின்ன விவரம் கேட்கிறார் என்று திரையில் காட்டும். உறுப்பினர் சம்மதித்தால்தான் டோக்கன் கிடைக்கும். வழக்கமாக அந்த டோக்கனுக்கு ஆயுள் 60 நாள். ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் கேட்கலாம் என்ற வரம்பும் உண்டு.

சரக்குக்காரர் கையெழுத்திட்ட சீட்டைக் காட்டிக் கிடங்கில் மூட்டை எடுப்பது போலத்தான் இதுவும். சீட்டு கொடுக்கிறோமே தவிர, கிடங்குச் சாவியைக் கொடுப்பதில்லை. ஆகவே "உங்கள் பாஸ்வேர்டைச் சொல்லுங்கள், நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது கேட்டால் அது முறையான வழி அன்று என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

2015-இல் குறுகிய வாசல்

2009-இல் இந்த வாசலைத் திறந்தபோது, சம்மதித்த உறுப்பினரின் தொடர்பில் உள்ளவர்களின் விவரம்கூடக் கிடைத்தது. அதை நம்பிப் பலர் சாஃப்ட்வேர் செய்து தொழில் நடத்தினார்கள். 2015 பிப்ரவரியில் லிங்க்ட்இன் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மே மாதத்திலிருந்து, ஒப்பந்தக் கூட்டாளிகள் தவிர மற்றவர்களுக்குப் பெரும்பகுதி அடைக்கப்பட்டது. இன்று சாதாரணமாகப் பதிவு செய்பவருக்குச் சம்மதித்தவரின் பெயர், படம், இ-மெயில் போன்ற சிலவே கிடைக்கும். அடுத்தவர் இடத்தில் வாடகைச் சீட்டு இல்லாமல் கடை போட்டவர் நிலை என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோர்ட் ஏறிய வழக்கு

வாசல் வழியே போகாமல், எல்லார் கண்ணிலும் படும் பக்கங்களைச் சாஃப்ட்வேர் வைத்துத் திரட்டியவர்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஹைக்யூ என்ற கம்பெனி அப்படித் திரட்டி, எந்த ஊழியர் வேலையை விட்டுப் போகக்கூடும் என்று முதலாளிகளுக்குச் சொல்லி வந்தது. 2017 மே மாதம் லிங்க்ட்இன் அதற்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹைக்யூ கோர்ட்டுக்குப் போய்த் தடை உத்தரவும் பெற்றது. பொதுவில் திறந்து கிடப்பதை எடுப்பது கம்ப்யூட்டர் மோசடிச் சட்டத்தில் வராது என்ற வாதத்துக்கு வலு இருக்கிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2019-லும் 2022-லும் கருதியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஹைக்யூ லிங்க்ட்இன்னின் ஒப்பந்த நிபந்தனைகளை மீறியது என்று 2022 நவம்பரில் கீழ்க் கோர்ட் தீர்ப்பளித்தது. டிசம்பரில் 5 லட்சம் டாலருக்கு ஹைக்யூவுக்கு எதிராகத் தீர்ப்பு பதிவாகி வழக்கு முடிந்தது. அதற்குள் அந்தக் கம்பெனியின் வியாபாரமே நின்றுபோயிருந்தது.

நமக்கு என்ன பாடம்?

இளைஞர் மறுபடி வந்தபோது ஒரே கேள்வி கேட்டோம். "தம்பி, முறையான வாசலில் சம்மதித்தவரின் இ-மெயில் மட்டும்தான் கிடைக்கும். பொதுப் பக்கத்தில் இ-மெயில் வழக்கமாகக் காட்டுவதில்லை. உன் பட்டியலில் அத்தனை பேர் இ-மெயிலும் எப்படி வந்தது?" பதில் வரவில்லை. நாமும் பட்டியலை வாங்கவில்லை.

நம் நாட்டிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துள்ளது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட விவரத்துக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பட்டியலை வைத்துக்கொண்டு அந்த விலக்கை நாம் எப்படிக் கேட்க முடியும்?

லிங்க்ட்இன்னில் கணக்கு வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸ் பகுதியில் தம் விவரத்தின் பிரதியைத் தாமே கேட்டுப் பெறலாம். தம் தொடர்பில் உள்ளவர்களின் பெயர், நிறுவனம், பதவி அதில் இருக்கும். அனுமதித்தவர்களின் இ-மெயிலும் வரும். காசும் இல்லை, தரகரும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் கடைப் பேரேட்டில் இருக்கும் வாடிக்கையாளர் பெயர்கள் நம்மை நம்பித் தரப்பட்டவை. அந்தப் பேரேட்டை யாரோ நகலெடுத்துத் தெருவில் விற்றால் நாம் பொறுப்போமா? நமக்குப் பொறுக்காததை நாம் அடுத்தவருக்குச் செய்ய வேண்டாம். விசாரித்து வாங்குவோம், நாணயம் காப்போம்.