நேற்று ஓடிய கார் இன்று ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

இரவு பதினொன்றரை மணி இருக்கும். பக்கத்து வரிசை வீட்டுத் தம்பி வந்து கதவைத் தட்டினான். "அண்ணே, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. கார் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. டக் டக்குன்னு சத்தம் மட்டும்தான் வருது" என்றான். என் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். நல்லவேளை, அம்மா நலமாக வீடு திரும்பிவிட்டார். ஆனால் அன்றிரவு நான் ஊரில் இல்லாமல் இருந்திருந்தால்? எங்கள் தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வரவே இருபது நிமிடம் ஆகும்.

"நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தான் ஓடுச்சு அண்ணே" என்று மறுநாள் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். பேட்டரி போன எல்லாருமே இதைத்தான் சொல்கிறார்கள். அவன் பேட்டரியின் தேதி ஒட்டியைப் பார்த்தேன். மாற்றி மூன்று ஆண்டுகளைத் தாண்டியிருந்தது. நம் நாட்டு வெயிலில் ஒரு சாதாரண பேட்டரி ஒன்றரை ஆண்டிலிருந்து மூன்று ஆண்டு வரைதான் உழைக்கும். குளிர் நாடுகளில் ஐந்து ஆண்டுகூட வரும்.

அந்தப் பெட்டிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகளும் கந்தக அமிலம் கலந்த நீரும் உண்டு. ஓர் அறை ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்தால் 12.6 வோல்ட். காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 1859ஆம் ஆண்டில் கண்டுபிடித்த முறை இது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

பேட்டரி கெடுவதற்கு முக்கியக் காரணங்கள் மூன்று.

முதலாவது வெப்பம். வெயிலில் நிற்கும் காரின் பானட்டுக்குள், அதுவும் சாலை நெரிசலில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்போது, வெளியில் இருப்பதைவிடப் பல மடங்கு புழுக்கம். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈயச் சட்டங்கள் வேகமாக அரிக்கப்படுகின்றன. நீரும் வற்றுகிறது. வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு.

இரண்டாவது, போதிய சார்ஜ் ஏறாமல் இருப்பது. மின்சாரம் செலவாகும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. கார் ஓடி சார்ஜ் ஏறும்போது அது கரைந்துவிடும். நாள்கணக்கில் ஓடாமல் நின்றாலோ, பள்ளிக்கும் கடைக்கும் ஐந்து நிமிடம் மட்டுமே ஓடினாலோ, அந்தப் படிவு கரையாமல் கல்லாக இறுகிவிடும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின், வாரக்கணக்கில் நின்ற கார்களைக் கிளப்ப முடியாமல் பலர் தவித்தது நினைவிருக்கலாம்.

மூன்றாவது அதிர்வு. பேட்டரியை இறுக்கிப் பிடிக்கும் கம்பி தளர்ந்திருந்தால், தோட்டத்துச் செம்மண் சாலையின் ஒவ்வொரு குழியிலும் அது குலுங்கும். தகடுகளில் ஒட்டியிருக்கும் பொருள் உதிர்ந்து அடியில் சேரும்.

இதில் நம்மை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. குளிர் நாட்டில் எஞ்சின் எண்ணெய் கெட்டியாகிவிடும். எஞ்சினைச் சுழற்ற அதிக மின்சாரம் வேண்டும். அதனால் பேட்டரி பாதி பலவீனமானதும் குளிர்காலத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். நம் ஊரில் எண்ணெய் எப்போதும் இளகியே இருப்பதால், சாகக் கிடக்கும் பேட்டரிகூட எஞ்சினைக் கிளப்பிவிடும். வெயில் பேட்டரியைக் கெடுப்பதோடு அதன் நோயையும் நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. முதல் நாள் மாலை நன்றாக ஓடிய கார் அன்றிரவே கைவிட்டதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் காலத்துக் கியர் காராக இருந்தால் நாலு பேர் தள்ளிக் கிளப்பிவிடுவோம். இன்றைய ஆட்டோ கியர் காரில் அது நடக்காது. ஆகவே முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் ஒரே வழி.

முதலில் பேட்டரியை மாற்றிய தேதியைப் பாருங்கள். ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டால், ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் பட்டறையில் பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். வீட்டில் வோல்ட் மீட்டர் இருந்தால், காலையில் கிளப்புவதற்கு முன் அளந்து பாருங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. சாவியைத் திருப்பும் நொடியில் 9.6க்குக் கீழே விழுந்தால், பேட்டரி பெரும்பாலும் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

எஞ்சின் இழுத்து இழுத்துச் சுழல்வது, கிளப்பும்போது உள்விளக்கு மங்குவது, முனைகளில் வெள்ளை அல்லது பச்சைத் தூள் பூப்பது, பெட்டி உப்புவது, அழுகிய முட்டை நாற்றம் ஆகியவையும் எச்சரிக்கைகள். முனையில் தூள் மட்டும் என்றால், சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்தாலே சில நேரம் போதும்.

அவசரப்பட்டுப் பேட்டரியின் மேல் பழியைப் போட்டுவிடவும் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தாலோ, ஓடும்போது சிவப்புப் பேட்டரி விளக்கு எரிந்தாலோ, கோளாறு ஆல்டர்நேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கலாம். இரவு முழுதும் மின்சாரத்தை உறிஞ்சும் கேமரா, அலாரம் போன்றவையும் காரணமாகலாம். இதைப் பார்க்காமல் இருநூறு, முந்நூறு ரிங்கிட் கொடுத்துப் புதுப் பேட்டரி போட்டால், அடுத்த மாதம் அதுவும் படுத்துவிடும்.

வழியில் நின்றுவிட்டால், அடுத்த காரிலிருந்து வயர் போடும் முறை இது. முதலில் சிவப்பு வயரை நம் பேட்டரியின் பிளஸ் முனையிலும், பிறகு உதவும் காரின் பிளஸ் முனையிலும் மாட்டுங்கள். கறுப்பு வயரை உதவும் காரின் மைனஸ் முனையில் மாட்டி, அதன் மறுமுனையை நம் எஞ்சினின் வெற்று இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். நம் பேட்டரியின் மேலேயே மாட்ட வேண்டாம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஒரு பொறி பறந்தாலும் ஆபத்து. அருகில் சிகரெட் கூடவே கூடாது.

புதியது வாங்கும்போது பேட்டரியின் அளவு, தயாரித்த தேதி, உத்தரவாதச் சீட்டு மூன்றையும் கேட்டுப் பாருங்கள். சிக்னலில் தானாக எஞ்சின் அணையும் வசதியுள்ள காருக்கு அதற்கான தனிவகைப் பேட்டரிதான் பொருந்தும். மூடி திறக்கும் வகையென்றால் மாதம் ஒருமுறை நீர்மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால் வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள், குழாய் நீர் ஆகாது. பழைய பேட்டரியை வீட்டின் பின்புறம் போட்டுவைக்காதீர்கள். ஈயமும் அமிலமும் மண்ணுக்கும் கேடு, அங்கே விளையாடும் பிள்ளைகளுக்கும் கேடு. கடையிலேயே கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள்.

அந்தத் தம்பி இப்போது புதுப் பேட்டரி போட்ட தேதியை மார்க்கர் பேனாவால் பெட்டியின் மேலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறான். நீங்களும் இன்றே ஒருமுறை பானட்டைத் திறந்து, உங்கள் பேட்டரியின் தேதியைப் பார்த்துவிடுங்கள்.